சீட்டில்லாத கட்டு

அந்தச் சட்டைக் கம்பெனியில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. முதுகுக்குப் பின்னால் கத்திரி, முகத்துக்கு நேரே மாஸ்டரக்கா. துணி வெட்டுகிற மேஜைக்கு இருபத்திரண்டு வருஷமாக அவள்தான் தலைமை என்பது பட்டப்பெயருக்கு ஒரு காரணம். அவள் வாய் இன்னொரு காரணம். புதிதாக வந்த சூபர்வைசர் ஒருவன் முதல் வாரத்திலேயே, கொஞ்சம் சிரித்த முகமாக இருந்தால் என்ன என்று அவளிடம் கேட்டுவிட்டான். அவள் மெஷினை நிறுத்தினாள். அவனைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை அளந்தாள். சட்டையில் இரண்டாவது பொத்தானை மூன்றாவது ஓட்டையில் மாட்டியிருக்கிறாய், முதலில் அதைப் பார் என்று சொல்லிவிட்டு மறுபடி மெஷினைப் போட்டாள். அவன் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

அவள் வேலையில் ஒரு விதி உண்டு. நூறு அடுக்குத் துணியை விரித்து, மேலே அளவுத்தாள் வைத்து, கத்தி மெஷினால் ஒரே ஓட்டமாக வெட்டுவார்கள். வெட்டிய கைகள், கழுத்துப்பட்டைகள், முதுகுகள் எல்லாவற்றையும் தனித்தனிக் கட்டாகக் கட்டி, ஒவ்வொரு கட்டிலும் ஒரு சீட்டு ஒட்டவேண்டும்: எந்தத் துணிச்சுருள், எந்த அளவு, எத்தனையாவது அடுக்கு. இரண்டு சுருளும் ஒரே நீலமாகத்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஒன்று ஒரு துளி வெளிறியிருக்கும். சீட்டில்லாமல் கலந்துவிட்டால், தைத்து முடித்து வெளிச்சத்தில் பிடிக்கும்போதுதான் ஒரு கை ஒரு நிறம், மறு கை வேறு நிறம் என்று பல்லிளிக்கும். அதனால் சீட்டில்லாத கட்டு மேஜையில் கிடந்தால் கத்திரி அதை எடுத்துத் தரையில் போட்டுவிடுவாள். யார் கட்டியது என்று கேட்கமாட்டாள். கட்டினவர்கள் தாங்களாகவே வந்து குனிந்து பொறுக்கிக்கொள்ளட்டும் என்பது அவள் நியாயம்.

இப்பேர்ப்பட்டவள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை தன் மாத்திரைப் புட்டியின் சீட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சலவை அறையைத் தாண்டி, எச்.ஐ.வி.க்காரர்களுக்கு மாத்திரை கொடுக்கிற கட்டிடம் இருந்தது. அதற்கும் பின்னால் ஒரு சிமெண்டுப் பெஞ்சு, பக்கத்தில் ஒரு குப்பைத்தொட்டி. மாத்திரை வாங்கினவர்கள் நேரே வீட்டுக்குப் போகமாட்டார்கள். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, புட்டியில் ஒட்டியிருக்கிற சீட்டை உரித்துத் தொட்டியில் போட்டுவிட்டு, பையில் குலுங்கிச் சத்தம் வராமல் இருக்கப் புட்டிக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் எழுந்திருப்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். கத்திரிக்கு அந்தப் பெஞ்சைக் கண்டாலே ஆகாது. களவாணிக் கூட்டம் மாதிரி என்ன இது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு, அவளும் அதே பெஞ்சின் ஓரத்தில் நின்றபடியே உரிப்பாள். உட்காரமாட்டாள், அவ்வளவுதான் வித்தியாசம். பஞ்சு மட்டும் அவளுக்குத் தேவைப்படவில்லை. வேலைப்பையில் ஒரு பொத்தான் டப்பா வைத்திருந்தாள். மாத்திரைகளை அதில் கொட்டி மேலே நாலு பொத்தானைத் தூவிவிடுவாள். பொத்தான் டப்பா குலுங்கினால் யார் என்னவென்று கேட்கப் போகிறார்கள்? தினமும் காலை எட்டு மணிக்கு, மேஜையில் முதல் துணி விரியும்போது, டப்பாவைத் திறந்து பொத்தான் தேடுகிற சாக்கில் வாயில் போட்டுக்கொள்வாள்.

இந்த வியாதியை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவள் புருஷன். நில அளவை அலுவலகத்தில் குமாஸ்தா. கோடு கலையாத கால்சட்டை, அடக்கமான பேச்சு, தெருவில் எல்லாருக்கும் நல்லவர். அவர் சாகும்போது கூட இருந்தவள் அவருடைய தங்கை, அதாவது கத்திரியின் நாத்தனார். பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்தவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், அண்ணன் என்றால் உயிர். அண்ணனுக்கு வந்தது மஞ்சள் காமாலை என்று அவள்தான் துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் அறிவித்தாள். காமாலை என்றதும் எல்லாரும் உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். கத்திரி வாயைத் திறக்கவில்லை. அவர் செத்ததைக்கூட அவள் மன்னித்துவிட்டாள். சாவதற்கு இரண்டு வருஷம் முன்பே தெரிந்துகொண்டு, தெரிந்துகொண்டே பக்கத்தில் படுத்திருந்தாரே, அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. அவர் படத்தை நாத்தனார் தினமும் காலையில் துடைப்பாள். கத்திரி அந்தச் சுவரைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவாள்.

அண்ணன் போன பிறகும் நாத்தனார் அந்த வீட்டிலேயே இருந்தாள். இரண்டு அறை, ஒரு கூடம், இரண்டு பெண்கள். நாத்தனாருக்குச் சந்தேகம் உண்டு. ஆஸ்பத்திரித் தாள் ஏதோ கண்ணில் பட்டிருக்கவேண்டும். ஆனால் கேட்கமாட்டாள். கேட்டால் அண்ணன் பேர் நாறும். கேட்பதற்குப் பதிலாக ஒன்று செய்தாள்: அண்ணி கையில் எதையும் கொடுப்பதை நிறுத்திவிட்டாள். காப்பியா, தண்ணீரா, கழுவிய தட்டா, எதுவானாலும் கூடத்து மேஜையில் வைத்துவிட்டு நாலு எட்டு பின்னால் போய் நின்றுகொள்வாள். கத்திரி வந்து எடுத்துக்கொள்ளவேண்டும். பதினேழு வருஷமாக இதே நடப்பு. கத்திரி ஒரு வார்த்தை கேட்டதில்லை. இவளிடம் போய் என்ன கேட்பது என்கிற இளக்காரம் அவளுக்கு.

வியாதியை அவள் ஒழுங்காகத்தான் மிதித்து வைத்திருந்தாள். முதலில் கொடுத்த மாத்திரை சில வருஷத்தில் பலிக்காமல் போய், இரண்டாவது வகைக்கு மாற்றினார்கள். அதிலிருந்து ஒவ்வொரு பரிசோதனையிலும் ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவு என்றே வந்தது. மாத்திரை கொடுக்கிற இடத்தில் ஒரு பெண் இருந்தாள், மருந்துக்குப் படித்தவள், மூக்குக்கண்ணாடிக்காரி. வைரஸ் அடங்கினாலும் ரத்தக்குழாயில் உள்ளுக்குள் ஒரு புகைச்சல் இருந்துகொண்டே இருக்கும், மற்றவர்களைவிட உங்களுக்கு மாரடைப்பு வர வாய்ப்பு அதிகம், பிரஷரையும் கொழுப்பையும் பாருங்கள் அக்கா என்று அவள் இரண்டு மூன்று தடவை சொன்னாள். கத்திரி உதட்டைப் பிதுக்கினாள். ஆளையே தூக்கிக்கொண்டு போகிற வியாதியைக் காலடியில் போட்டு வைத்திருக்கிறேன், பிரஷராம், கொழுப்பாம், இந்தச் சில்லறைகள் என்னை என்ன செய்யும் என்று நினைத்தாள். எழுதிக் கொடுத்த பரிசோதனைச் சீட்டும் அதே தொட்டிக்குள் போயிற்று.

சில்லறை ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வந்தது. இடது தோளில் தொடங்கி, தாடைவரை ஏறி, நெஞ்சின் மேல் யாரோ துணிச்சுருளை இறக்கி வைத்தது போல அழுத்தியது. மெஷின் பிடித்த கைவலி என்று அவள் இன்னும் ஒரு அடுக்கு வெட்டினாள். அப்புறம் மேஜையைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். நாலு தெரு தள்ளியிருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஊசி போட்டு அடைப்பைக் கரைத்தார்கள். அந்த அவசரத்தில் வேறெதற்கும் ரத்தத்தைப் பார்க்கவில்லை. இருதய டாக்டர், தலைமுடி கலையாத மனிதர், வேறு வியாதி உண்டா, வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றாள். பக்கத்தில் நாத்தனார் நின்றிருந்தாள். போர்வைக்குள் வேலைப்பை, வேலைப்பைக்குள் பொத்தான் டப்பா, மறுநாள் எட்டு மணிக்கு மாத்திரை தவறாமல் உள்ளே போயிற்று.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததுதான் கூத்து. மாரடைப்பு என்பது எவ்வளவு கௌரவமான வியாதி என்று கத்திரிக்கு அதுவரை தெரியாது. பதினேழு வருஷம் எட்டிப் பார்க்காத சொந்தங்கள் பழத்தோடு வந்து இறங்கினார்கள். கம்பெனியில் அவளுக்கென்று மெத்தை வைத்த நாற்காலி போட்டார்கள். நாத்தனாருக்குத் தலைகால் புரியவில்லை. நாள் முழுக்கப் போனில், எங்க அண்ணிக்கு ஹார்ட்டு, பெரிய டாக்டர்தான் பார்க்கிறார் என்று தனக்கே பதவி உயர்வு வந்த மாதிரிப் பேசினாள். நெஞ்சு வலிக்கிற பெண்ணுக்கு அந்த அசிங்கமெல்லாம் இருக்காது என்று அவளாகவே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டாள் போலிருக்கிறது. இருதய மாத்திரைகளைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல், பேர் வெளியே தெரிகிற மாதிரி, வரிசையாக அடுக்கி வைத்தாள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் கொழுப்பு மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்து அண்ணியின் உள்ளங்கையிலேயே வைத்தாள்.

த்தூ, மனுஷ ஜென்மமா இது என்று கத்திரி மனதுக்குள் காறித் துப்பினாள். ஆனால் அந்தத் தண்ணீரைக் கையில் வாங்கிக் குடித்தாள். இதையும் சொல்லியாகவேண்டும்: அவளுக்கு அது பிடித்திருந்தது. ஒரு வியாதியைப் பற்றித் தலை நிமிர்ந்து பேச வாய்த்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இந்த வியாதி உசத்தி, அந்த வியாதி மட்டம் என்று பிரித்து வைத்த உலகத்தை இத்தனை வருஷம் ஏசினவள், உசத்தியில் இடம் கிடைத்ததும் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

ஐந்தாவது வாரம் தொடைகள் வலித்தன. படி ஏறக் கைப்பிடி தேவைப்பட்டது. பிறகு புஜம் வலித்தது. கத்தி மெஷினைத் தூக்க முடியாமல் பக்கத்து மேஜைக்காரியைக் கூப்பிட்டாள், அது அவள் சரித்திரத்திலேயே நடக்காத காரியம். சிறுநீர் கறுத்த தேநீர் மாதிரிப் போயிற்று. ஓய்வு போதவில்லை என்று நாத்தனார் இன்னொரு தலையணை கொடுத்தாள்.

அந்த நிலையில்தான் மூன்று மாதத் தவணைக்கு மாத்திரை வாங்கப் போனாள். புதிதாக ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று மூக்குக்கண்ணாடிக்காரி வழக்கம்போலக் கேட்டாள். கத்திரி வழக்கம்போல இல்லை என்றாள். இருதய டாக்டரிடம் எச்.ஐ.வி.யை மறைத்தது வெட்கத்தால். இங்கே மாரடைப்பை மறைத்தது திமிரால். நல்ல இடத்து வியாதியை இந்தப் பின்கட்டுக்குக் கொண்டுவந்து ஏன் அசிங்கப்படுத்தவேண்டும் என்று இருந்தது அவளுக்கு. புட்டியை வாங்கிக்கொண்டு திரும்பும்போது முழங்கால் மடங்கிற்று. ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கினாள். மூக்குக்கண்ணாடிக்காரி ஓடிவந்து பெஞ்சில் உட்காரவைத்து, என்ன ஆச்சு என்று விடாமல் கேட்டதும், வேறு வழியில்லாமல், "எனக்கு ஹார்ட்டு" என்றாள். சொன்னபோது குரலில் ஒரு மிடுக்கு இருந்ததை அவளே கவனித்தாள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று நாத்தனார் கைப்பையில் போட்டு வைத்திருந்த மாத்திரை அட்டைகளை எடுத்து நீட்டினாள்.

மூக்குக்கண்ணாடிக்காரி கொழுப்பு மாத்திரை அட்டையைத் திருப்பிப் படித்தாள். அவள் முகம் மாறிவிட்டது.

"அக்கா, இதைக் குடுத்தவருக்கு நம்ம மாத்திரை தெரியுமா?"

"சொல்லல."

"நம்ம மாத்திரை உள்ள இருந்தா ஈரலால இதைக் கரைச்சு வெளியே தள்ள முடியாது. அப்படியே ரத்தத்துல ஏறிக்கிட்டே போகும். உங்க சதை கரைஞ்சு சிறுநீர்ல போகுது அக்கா. இப்படியே விட்டா அடுத்தது கிட்னி. கொழுப்புக்கு எத்தனையோ மாத்திரை இருக்கு, சேரவே கூடாததா பாத்து இது வந்து மாட்டியிருக்கு."

கத்திரிக்குத் தன் வெட்டு மேஜைதான் கண்ணில் வந்தது. ஒரு சுருள் வெளிறல், ஒரு சுருள் சரியான நிறம், இரண்டுக்கும் சீட்டில்லை, இரண்டையும் ஒன்றாகப் போட்டுத் தைத்தது அவள் கைதான். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் கட்டைத் தூக்கித் தரையில் வீசியிருப்பாள்.

அன்று முழுக்க அங்கேயே படுக்கவைத்து நரம்பில் மருந்துநீர் ஏற்றினார்கள். ரத்தம் பார்த்தார்கள். கிட்னி இன்னும் தாக்குப்பிடிக்கிறது, தப்பித்தீர்கள் என்றார் அங்கிருந்த டாக்டர். அந்தக் கொழுப்பு மாத்திரை இனிமேல் கூடவே கூடாது. ஆனால் கொழுப்புக்கு மாத்திரையே இல்லாமலும் இருக்கமுடியாது, மறுபடி அடைத்துக்கொள்ளும். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கிற மாத்திரையையும் சரிபார்க்கவேண்டும். ஆகவே இருதய டாக்டருக்குத் தெரிந்தே ஆகவேண்டும் என்றார். தானே போன் செய்து சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம், எனக்கு வாய் இருக்கிறது என்றாள் கத்திரி. அவர் கடிதம் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார்.

வாய் இருக்கிறது என்று சொன்னவளுக்கு மறுநாள் அந்த வாய் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தனியாகப் போய்விடலாம் என்று பார்த்தால், நாத்தனார் அவளுக்கு முன்னால் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். டாக்டர் அறையிலும் அவள்தான் பேசினாள். அண்ணிக்குக் கால்வலி, பலவீனம், ராத்திரி மாத்திரையை நானே கையால் கொடுத்துவிடுகிறேன், நேற்று ஒருநாள்தான் ஏனோ வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள் என்றெல்லாம் ஒப்பித்தாள். டாக்டர் கத்திரியைப் பார்க்காமல் ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்தார். வயதானால் வலி இருக்கத்தான் செய்யும், நடக்கச் சொல்லுங்கள் என்றார். கொழுப்பு இன்னும் இறங்கவேண்டும், அதே மாத்திரையை இரண்டு மடங்காக்குகிறேன் என்று சொல்லிப் பேனாவைத் திறந்தார்.

கைப்பைக்குள், பொத்தான் டப்பாவுக்குப் பக்கத்தில், கடிதம் இருந்தது. கத்திரியின் கை அதன் மேலேயே இருந்தது, எடுக்க வரவில்லை. நாத்தனார், எழுதுங்க டாக்டர், நான் பாத்துக்கறேன் என்று தலையாட்டினாள். பேனா தாளில் ஓட ஆரம்பித்தது. பேசாமல் இருந்தால் இன்று இரவு இவளே தண்ணீரோடு வந்து உள்ளங்கையில் வைப்பாள், உறவுக்காரர்களுக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொல்வாள், தான் செத்தாலும் ஹார்ட்டில்தான் போனாள் என்று கௌரவமாக உச்சுக்கொட்டுவார்கள் என்று கத்திரிக்குத் தோன்றியது. அந்த உச்சுக்கொட்டலை அவள் ஏற்கெனவே ஒருமுறை, காமாலைக்கு, கேட்டிருக்கிறாள்.

பொத்தான் டப்பாவை எடுத்து மேஜையில் கவிழ்த்தாள். நாலு பொத்தான்கள் உருண்டு ஓடின. மாத்திரைகள் தாளின் மேல் சிதறின. டாக்டரின் பேனா நின்றது.

"எனக்கு எச்.ஐ.வி. இருக்கு டாக்டர். பதினேழு வருஷமா. இது அதுக்குச் சாப்பிடற மாத்திரை. நீங்க எழுதற மாத்திரையும் இதுவும் சேரக் கூடாதாம்."

கடிதத்தை அதன் மேல் வைத்தாள். டாக்டரின் நாற்காலி ஒரு சாண் பின்னால் போயிற்று. கை தானாகவே மேஜையோரத்துக் கிருமிநாசினிப் புட்டியைத் தேடிற்று. கத்திரி அந்தக் கையையே பார்த்தாள். அவள் பார்ப்பதைப் பார்த்துக் கை பாதி வழியில் நின்றது. அவர் கடிதத்தைப் படித்தார். படிக்கப் படிக்க முகம் சிவந்தது. முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று குரலை உயர்த்தினார்.

"கேட்டீங்க, பொய் சொன்னேன். என் தப்புதான். இத்தனை நாளா கால் விளங்காம போயிருக்கே, அதை மட்டும் நீங்க கேக்கல. இப்ப ரெண்டையும் பாத்து எழுதுங்க."

அவர் பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டி, கொழுப்புக்கு வேறு மாத்திரை எழுதினார். ரத்தத்துக்கான மாத்திரையையும் மாற்றினார். இந்த முறை அவள் கால்களைத் தொட்டும் பார்த்தார், கையுறை போட்டுக்கொண்டு. கத்திரி உருண்ட பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். திரும்பிப் பார்த்தபோது நாத்தனார் இருந்த நாற்காலி காலியாக இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில், ஆட்டோவில், இரண்டு பேருக்கும் நடுவில் நாத்தனாரின் கைப்பை உட்கார்ந்துகொண்டு வந்தது. வீட்டு வாசலில் நின்றுதான் அவள் வாயைத் திறந்தாள். கால் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை, கிட்னி என்னவாயிற்று என்று கேட்கவில்லை.

"எங்க அண்ணனுக்குக் காமாலைதானே அண்ணி?"

"இல்ல" என்றாள் கத்திரி. "உங்கண்ணன் தெரிஞ்சுதான் குடுத்தான். ரெண்டு வருஷம் தெரிஞ்சு."

அதற்குப் பிறகு நாலு நாள் நாத்தனார் அவளோடு பேசவில்லை. போனில் மட்டும் பேசினாள். உறவுக்காரர்கள் விசாரித்தபோது, ஹார்ட்டுதான், வேறு ஒன்றுமில்லை, இப்போது தேவலை என்று கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள். கத்திரி இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவளுக்கு ரத்தம் கொதித்தது. இத்தனை வருஷம் தன் மானத்துக்காக நகம் தேயச் சுரண்டுகிறோம் என்று நினைத்திருந்தாளே, யார் மானத்தை இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றியிருக்கிறாள்? கோடு கலையாத அந்தக் கால்சட்டைக்காரரின் மானத்தை. அவருக்காகத் தன் சதையைக் கரைத்திருக்கிறாள். இதைவிடக் கேவலம் உண்டா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அன்றுவரை அவள் ஏளனம் போகாத இடம் ஒன்றுதான் பாக்கி இருந்தது, அன்றைக்கு அங்கேயும் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை. கால் தேறும்வரை அவள் கம்பெனிக்கு லீவு. இந்தத் தவணைப் புட்டி சீட்டு உரிக்காமலே கைப்பையில் கிடந்தது. அதை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் மேல், இருதய மாத்திரைகளின் வரிசையில், பேர் வெளியே தெரிகிற மாதிரி வைத்தாள். நாத்தனார் சமையலறையிலிருந்து வந்து பார்த்தாள். சீட்டைப் படித்தாள்.

"யாராச்சும் வந்தா பாப்பாங்க அண்ணி."

"பாக்கட்டும். எட்டாகுது, தண்ணி குடு."

நாத்தனார் உள்ளே போய் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். கூடத்து மேஜையின் ஓரத்தில் வைத்தாள். நாலு எட்டு பின்னால் போய் நின்றுகொண்டாள், பழையபடி.

கத்திரி நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. கால் இன்னும் முழுதாகச் சரியாகவில்லை என்பது உண்மை. ஆனால் எழுந்திருக்க முடியாமல் இல்லை.

"கையில குடு" என்றாள்.

நாத்தனார் சுவரில் இருந்த அண்ணனைப் பார்த்தாள். நாலு நாளாகத் துடைக்காத கண்ணாடியில் தூசி படிந்திருந்தது. பிறகு புட்டியைப் பார்த்தாள். கத்திரி மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கையை நீட்டியபடியே இருந்தாள். கெஞ்சவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை. கடிகாரம் எட்டைத் தாண்டிவிட்டது. பதினேழு வருஷத்தில் அவள் மாத்திரை தாமதமானது அன்றுதான்.

நாத்தனார் டம்ளரை எடுத்தாள். நடந்து வந்தாள். நீட்டிய கையில் வைத்தாள். விரல் பட்டது.

கத்திரி மாத்திரையைப் போட்டு ஒரே மடக்கில் தண்ணீரைக் குடித்தாள். நன்றி சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நாலு எட்டு நடந்து வருவதற்குப் பதினேழு வருஷம் எடுத்துக்கொண்டவளுக்கு என்ன நன்றி? காலி டம்ளரை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"நாளைக்கும் இதே மாதிரி" என்றாள்.